இரண்டு விசில்

கருணாபுரம், கள்ளக்குறிச்சி
2-2-2026

கொளஞ்சியப்பன் அண்ணா,

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது மலைக்கு வந்து உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள்.

நேற்று எலவனாசூர்கோட்டையில் அம்சவள்ளியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பரிமாற ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போனால், ஜனங்கள் நடுவில் இடம் விட்டு விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கண்டக்டருக்குத்தான் அதைப் பார்த்தால் ஆகாதே. "உள்ள தள்ளு, உள்ள தள்ளு, நடுவுல எவ்ளோ எடம் கெடக்குது பாரு" என்று சத்தம் போட்டேன். அத்தனை பேரும் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். கடைசி இலைக்குச் சாம்பார் ஊற்றி முடித்ததும், என்னை அறியாமலே சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதிவிட்டேன். பாதிப் பந்தி எழுந்துவிட்டது. பாயசம் இன்னும் வந்திருக்கவில்லை.

பெண்ணுக்கு மாமா ஒருவர், நம் பஸ்சில் மணலூர்பேட்டைக்கு வந்து போனவர்தான், கை கழுவிக்கொண்டே கேட்டார். "கண்ணாயிரம், வண்டி நின்னே ரெண்டு மாசம் ஆவுது. நீ இன்னும் எறங்கலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்சவள்ளி விசிலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

என் கதை இருக்கட்டும். பொங்கல் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனால் நீங்கள் இல்லை. மலையில் மரவள்ளிக் கிழங்கு வாங்குகிற வியாபாரியின் கொட்டகையில் எடை போடும் வேலைக்குப் போய்விட்டதாகப் பெரியநாயகி அண்ணி சொன்னார்கள். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாதாம். உங்களுக்கு அது நல்ல வசதி. இங்கே இருந்தபோதும் என் போனை நீங்கள் எடுக்கவில்லை. இப்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

அண்ணி உங்களைத் திட்டவில்லை. ஒரே ஒன்றை மட்டும் நேராகக் கேட்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். வேலை போன மனுஷன், தனியாக இருக்கிறார், கையில் கொஞ்சம் காசும் இருக்கும் என்றார்கள். சாராயத்தால் இந்தத் தெருவிலிருந்து வரிசையாகப் பாடை போனதைப் பார்த்தவர்கள் நாம். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அப்படி எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வெள்ளிமலை பஸ் ஓட்டுகிற ஜெயப்பிரகாஷிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். பஸ்காரனுக்கு எதற்குத் தபால்தலை?

கண்ணாயிரம்


வெள்ளிமலைக்கு உள்ளே
6-2-2026

கண்ணாயிரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நான் குடிக்கவில்லை. பெரியநாயகிக்கும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் மலை ஜனங்கள் கிழங்கு மூட்டை கொண்டுவருவார்கள். எடை பார்த்துச் சொல்வேன். மத்தியானம் லாரி வரும், ஏற்றிவிடுவேன். சாமைச் சோறு பழகிவிட்டது. பனிதான் பழகவில்லை.

யாரிடமும் சொல்லாமல் வரவில்லை. உன்னிடம்தான் சொல்லாமல் வந்தேன். காரணம் உனக்குத் தெரியும். தெரியாது என்று நீ சொல்லக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

கடைசி ட்ரிப் அன்று நம் வண்டி கலையரசிக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது என்னோடு இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. நீ பின்னாலிருந்து முன்னால் வந்து பார்த்துவிட்டு, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி என்ன சொன்னாய்? "டிரைவருக்குக் கண்ணுல மழை, யாராச்சும் வைப்பர் போட்டு வுடுங்கப்பா."

வண்டியே சிரித்தது. இத்தனை வருஷத்தில் நான் ஜனங்களைத் திரும்பிப் பார்த்தது கிடையாது. ரோட்டைத்தான் பார்ப்பேன். அன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன். எல்லார் பல்லும் தெரிந்தது. கண்ணை மூடினால் இப்போதும் அந்தப் பல்தான் தெரிகிறது.

இனிமேல் எழுதாதே.

கொளஞ்சியப்பன்


கருணாபுரம்
10-2-2026

கொளஞ்சியப்பன் அண்ணா,

எழுதாதே என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துவதற்கு ஒரு விசில், எடுப்பதற்கு இரண்டு விசில். இரண்டையும் ஊதுகிறவன் நான். நீங்கள் டிரைவர். நீங்கள் எப்படி எனக்கு விசில் கொடுக்கலாம்?

கோபப்படாதீர்கள். வைப்பர் விஷயத்தைச் சொல்கிறேன். உங்கள் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்தவன். உங்களுக்குப் பசியா, அண்ணியோடு சண்டையா, எதிரில் வருகிற லாரிக்காரன் மேல் ஆத்திரமா, எல்லாம் முதுகிலேயே தெரிந்துவிடும். அன்றைக்குத் தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் சேர்ந்து அழுதால் அந்த ஜனத்தை யார் இறக்கிவிடுவது? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எனக்கு வேறு எதுவும் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்போதுகூட ஏதோ சொல்லி எங்கள் அண்ணனிடம் அறை வாங்கினேன். சொன்னது தப்பு. நீங்களும் அறைந்திருக்கலாம். மலைக்குப் போயிருக்க வேண்டாம்.

நான் மட்டும் இங்கே நன்றாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். காலையில் எழுந்து குளித்து, தலையைச் சீவி, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறேன். நம் வண்டி நிற்கிற இடத்தில் இப்போது ஒருத்தர் கரும்பு ஜூஸ் விற்கிறார். தினமும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருகிறேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. வாழைக்காய் மண்டியில் கொஞ்ச நாள் நின்றேன். தார் தூக்க முதுகு ஒத்துழைக்கவில்லை.

பொம்பளைகள் எல்லாம் அரசாங்க பஸ்சில் இலவசமாகப் போய்விடுகிறார்கள், வண்டி ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை என்றுதானே முதலாளி கலையரசியை விற்றார்? அம்சவள்ளியிடம் கேட்டேன். "நான் ரெண்டு வருசமா அதுலதான் போய்க்கினு இருக்கறேன். உங்க வண்டியில ஏறுனா நீதான் சில்லறை கேட்டு உயிரை எடுப்ப" என்கிறாள். நம் வண்டியைக் கவிழ்த்ததில் என் வீட்டுக்காரிக்கும் பங்கு இருக்கிறது அண்ணா.

இப்போது நல்ல சேதி. சிமெண்ட் கடை அறிவுச்செல்வன் ஒரு மினி பஸ் வாங்கியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் கருணாபுரம் வழியாக உள்கிராமங்களுக்கு ஓடப் போகிறது. மாசி முடிந்ததும் வண்டி கிளம்ப வேண்டுமாம். என் வீடு தேடி வந்தார். நான் பூரித்துப் போய் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "கொளஞ்சியப்பன் வருவாரா?" நான் பக்கத்தில் நிற்கிறேன். "அவர் வந்தா நீயும் வாயேன்" என்றார். துணிக்கடையில் புடவைக்குப் பை கொடுக்கிற மாதிரி. நீங்கள் வராவிட்டால் வேறு டிரைவர் வருவார். அவர் தன் கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் கரும்பு ஜூஸ் குடிப்பேன்.

வண்டியைப் பார்த்தேன். கதவு இருக்கிறது. டிரைவர் ஸ்விட்சைத் தட்டினால் அதுவே மூடிக்கொள்கிறது. கலையரசிக்குக் கதவு ஏது? கீழே நின்று ஆளை ஏற்றி, இரண்டு விசில் ஊதி, வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து தொற்றுவேனே. கதவு வைத்த வண்டியில் கண்டக்டருக்கு என்ன மரியாதை இருக்கப் போகிறது? இருந்தாலும் பரவாயில்லை. வாருங்கள்.

கண்ணாயிரம்


வெள்ளிமலைக்கு உள்ளே
15-2-2026

கண்ணாயிரத்துக்கு,

அறிவுச்செல்வனிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல். நான் ஓட்டப் போவதில்லை.

வீம்புக்குச் சொல்லவில்லை. இங்கே வந்த அன்று ஜெயப்பிரகாஷின் பஸ்சில்தான் ஏறினேன். கோமுகி அணை தாண்டி மலை ஏறியதும் ஒவ்வொரு வளைவிலும் என் கால் பிரேக்கைத் தேடியது. இல்லாத கிளட்சை மிதித்தேன். பக்கத்தில் இருந்தவர் காலை ஏன் உதைக்கிறாய் என்று கேட்டார். கரியாலூருக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். மீதி வழி நடந்துதான் வந்தேன். ஜெயப்பிரகாஷ் நன்றாகத்தான் ஓட்டினார், அவர் மேல் குறை இல்லை.

கள்ளக்குறிச்சியில் டீக்கடைக்குப் போக முடியவில்லை. "இன்னா டிரைவரே, வண்டிக்குப் போவல?" என்று கேட்காத ஆள் கிடையாது. வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்தவனும் கேட்கிறான். வீட்டில் இருந்தால் பெரியநாயகி கேட்கமாட்டாள். காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைப்பாள், பழக்கதோஷம். பிறகு அதை எடுத்து உள்ளே வைப்பாள். அதைப் பார்க்க முடியவில்லை.

இங்கே நான் டிரைவர் என்று யாருக்கும் தெரியாது. எடை போடுகிறவர் என்று தெரியும். அது போதும்.

நீ வேறு வேலை பார்த்துக்கொள். நீ எங்கே போனாலும் பேசிப் பிழைத்துக்கொள்வாய்.

கொளஞ்சியப்பன்


கருணாபுரம்
23-2-2026

அண்ணா,

நேற்று நான் மலைக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

ஜெயப்பிரகாஷ் வழி சொல்லி இறக்கிவிட்டார். கொட்டகையில் தராசு இருந்தது, மூட்டை இருந்தது, ஆணியில் உங்கள் சட்டை தொங்கியது. டீ டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நீங்கள்தான் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். மூட்டை கொண்டுவந்த அம்மா ஒருவர், "இப்பத்தானே இங்க இருந்தாரு" என்றார். ஆறிப்போகும் என்று டீயை நானே குடித்துவிட்டேன். சர்க்கரை கம்மி.

பேசிப் பிழைத்துக்கொள்வாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பேச ஆள் வேண்டாமா? நான் பேசியதெல்லாம் ஓடுகிற வண்டியில். நிற்கிற இடத்தில் நான் பேசினால் ஜனங்கள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "சரிப்பா, வேலைய பாரு" என்கிறார்கள். எந்த வேலையை? பஸ் ஸ்டாண்டில் நேற்று முன்தினம் ஒரு தம்பி என்னிடம் வந்து சங்கராபுரம் பஸ் எது என்று கேட்டான். கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஏற்றி, சீட்டில் உட்காரவைத்து, வண்டி போகும்வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அம்சவள்ளி என்ன என்று கேட்டாள். கண்ணில் மழை என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அப்போதுதான் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

மறுநாள் காலையில் அவளே முந்தானை முடிச்சை அவிழ்த்து விசிலைக் கையில் கொடுத்தாள். "போயி அவரு காதுல ஊதிட்டு வா" என்றாள். அதனால்தான் வந்தேன்.

கொட்டகை வாசலில் நின்று ஒரு விசில் ஊதினேன். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் திரும்புகிற நேரம் ஆகிவிட்டது. போகும்போது இரண்டு ஊதிவிட்டுப் போனேன். சும்மா போக மனசு வரவில்லை.

அறிவுச்செல்வன் வேறு ஒரு டிரைவரை வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பார்த்துப் பேசி முடித்துவிடுவாராம். இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கண்ணாயிரம்


வெள்ளிமலைக்கு உள்ளே
25-2-2026

கண்ணாயிரத்துக்கு,

நீ வந்தபோது நான் பக்கத்து மரவள்ளிக் கொல்லைக்குள் நின்றிருந்தேன். நீ டீ குடித்ததைப் பார்த்தேன்.

நீ ஒரு விசில் ஊதினாய். என் வலது கால் தானாகத் தரையில் அழுந்தியது. காலுக்குக் கீழே இருந்த கிழங்குச் செடி முறிந்துவிட்டது. அப்புறம் நீ வாசலிலேயே நின்றாய். நீ வைதிருந்தால்கூட நான் நகர்ந்திருக்கமாட்டேன். போகும்போது இரண்டு விசில் ஊதினாய் பார், அப்போது நான் திரும்பிப் பின்னால் யாராவது இன்னும் ஏற வேண்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கொல்லையில் நின்றுகொண்டு.

செடிக்குச் சொந்தக்கார அம்மா வந்து முறிந்ததைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். பிரேக் போட்டேன் என்று சொன்னேன். அவர் முறிந்த தண்டைப் பொறுக்கிக்கொண்டு போனார். நான் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். பரவாயில்லை, எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வண்டி நின்ற பிறகு இதுதான் முதல் தடவை.

பெரியநாயகியிடம் என் லைசென்ஸையும் காக்கிச் சட்டையையும் எடுத்து வைக்கச் சொல். வியாழக்கிழமை வருகிறேன். ஜெயப்பிரகாஷின் பஸ்சில்தான். முன் சீட்டில் உட்கார்ந்தால் கால் உதைத்தாலும் யார் மேலும் படாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியை ஓட்டுவேன். உன்னோடு பேசமாட்டேன். விசில் போதும்.

கொளஞ்சியப்பன்


மினி பஸ், கடைசி சீட்டு
18-3-2026

டிரைவர் அண்ணாவுக்கு,

வண்டி ஓட ஆரம்பித்து மூன்று நாளாகிறது. நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வீம்பை மெச்சுகிறேன். அதனால் இதை எழுதி ஆள் மாற்றி ஆள் கையில் கொடுத்து முன்னால் அனுப்புகிறேன். நடுவில் இருப்பவர்கள் பிரித்துப் படிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். படிப்பார்கள்.

முதல் நாள் நான்கைந்து பேர்தான். இன்று நிற்க இடமில்லை. கட்டட வேலைக்குப் போகிற பொம்பளைகள் காசு கொடுத்தே ஏறுகிறார்கள், ஏனென்றால் அந்த ஊர்களுக்கு வேறு பஸ் கிடையாது. அம்சவள்ளியும் ஏறினாள். சில்லறை சரியாகக் கொடுத்தாள்.

உங்கள் முதுகு நன்றாக இருக்கிறது. மலைக்குப் போய் வந்ததில் கொஞ்சம் இளைத்திருக்கிறது, அவ்வளவுதான். அண்ணியைச் சாப்பாட்டு டப்பாவில் இன்னும் ஒரு கரண்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் பேசாமல் இருக்கிற வரைக்கும் உங்கள் வீட்டு விஷயங்களை நான்தான் பேசியாக வேண்டும்.

கண்ணாயிரம்


அதே நாள்

கண்ணாயிரம்,

நீ இன்னும் கீழே நின்றுகொண்டே விசில் ஊதுகிறாய். இது கலையரசி இல்லை. விசில் கேட்டால் நான் கதவை மூடுவேன், வண்டியை எடுப்பேன். ஏறிக்கொண்டு ஊது.

டப்பாவில் சோறு போதும். குழம்புதான் கம்மி.

கொ.


கருணாபுரம் நிறுத்தம்
20-3-2026

கொளஞ்சியப்பன் அண்ணா,

இன்று காலை இந்த நிறுத்தத்தில் ஒரு அம்மாவின் கூடையை ஏற்றிவிட்டேன். ஏற்றியதும் இரண்டு விசில் கொடுத்தேன். நீங்கள் கதவை மூடினீர்கள். வண்டியை எடுத்தீர்கள். நான் வண்டியில் இல்லை.

கொஞ்ச தூரம் ஓடிவந்தேன். தொற்றுவதற்கு இடம் தேடினேன். கதவுதான் இருந்தது.

நீங்கள் ஓட்டும்போது போன் எடுக்கமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். டிக்கெட் மெஷினும் பையும் கடைசி சீட்டில் இருக்கின்றன. விசில் என்னிடம் இருக்கிறது. ஆகவே இனிமேல் எந்த நிறுத்தத்திலும் உங்களுக்கு விசில் வராது. நீங்களாகவே நிறுத்த வேண்டும். கூடைக்கார அம்மா இன்னும் டிக்கெட் வாங்கவில்லை. அவரிடம் யாராவது கேட்க வேண்டும். வண்டியில் அதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கும். பார்த்தால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், இந்தத் தடவை அது என்னைப் பார்த்து.

அம்சவள்ளி வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள். குடித்தேன்.

இந்தக் கடிதத்தை ஷேர் ஆட்டோ ஆகாஷிடம் கொடுத்து அனுப்புகிறேன். வண்டிக்குப் பின்னாலேயே வந்து கொடுத்துவிடுவான். ஆட்டோவில் கடிதத்துக்குத்தான் இடம் இருந்தது.

கண்ணாயிரம்